கும்பாபிஷேக மலரும் கொல்கத்தாவுக்குப் போகாத பிரதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொல்கத்தாவில் உள்ள தேசிய நூலகத்தின் பழைய நூல்களையும் சுவடிகளையும் படத் தொகுப்புகளையும் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அங்கே என்னென்ன இருக்கின்றன என்பதைக் கட்டுரையாளர் நிறைவாகச் சொல்லியிருக்கிறார். அங்கே இருக்க வேண்டிய நம் கொங்குப் பக்கத்து நூல்கள் ஏன் இல்லை என்பதைப் பற்றி, ஈரோட்டில் நாற்பது ஆண்டுக்காலம் அச்சகம் நடத்தியவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அதில் என் பிழையும் அடக்கம் என்பதால், மற்றவர்களைக் குறை சொல்லும் கடிதமாக இதைக் கொள்ள வேண்டாம்.

1967ஆம் ஆண்டு எங்கள் குலதெய்வக் கோயிலின் கும்பாபிஷேகத்துக்காக என் தந்தையார் எங்கள் அச்சகத்திலேயே ஒரு மலர் அடித்துக் கொடுத்தார். டெமி அளவில், பாரத்துக்குப் பதினாறு பக்கமாக ஆறு பாரம், அதாவது 96 பக்கம். நடுவில் ஆர்ட் பேப்பரில் எட்டுப் பக்கம் படங்கள். அந்தப் படங்கள்தாம் இந்தக் கடிதத்துக்கே காரணம். கோயிலின் மகாமண்டப விதானத்தில், என் பாட்டனார் காலத்துக்கும் முந்திய ஓவியர் யாரோ, பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களையும் அவர்கள் தங்கை தங்காளையும் பற்றிக் கொங்கு நாட்டில் பாடப்படும் அண்ணன்மார் கதையைக் காவியும் கரியும் சுண்ணாம்பும் கொண்டு கட்டம் கட்டமாக எழுதி வைத்திருந்தார். கொம்பன் பன்றியைச் சங்கர் வேலால் குத்தும் இடமும், படுகளத்தில் தங்காள் அண்ணன்மாரைத் தேடி வரும் இடமும் எனக்கு இன்றும் நினைவில் நிற்கின்றன. தந்தையார் கோவையிலிருந்து புகைப்படக்காரர் ஒருவரை அழைத்து வந்து, மூங்கில் சாரம் கட்டி, படுத்த வாக்கில் படம் எடுக்கச் செய்து, படத்தைப் புள்ளி புள்ளியாகத் தகட்டில் பதிக்கும் ஹாஃப்டோன் பிளாக் செய்து வாங்கி, டிரெடில் எந்திரத்தில் மை ஏறாமலும் இறங்காமலும் பார்த்துப் பார்த்து அடித்தார். ஐந்நூறு பிரதிகள். அத்தனையும் விழாவன்றே தீர்ந்துவிட்டன என்பதில் எங்களுக்கெல்லாம் பெருமை.

பிறகு 1980களில் நடந்த திருப்பணியின்போது, புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து கறுத்துப்போன அந்த விதானம் வெள்ளையடிக்கப்பட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை; கோயில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்றுதான் செய்தார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் என்ற கணக்கில், வெள்ளைக்கு மேல் நீலமும் நீலத்துக்கு மேல் ரோஜா நிறமும் ஏறிவிட்டன. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, படித்த இளைஞர்கள் சேர்ந்த புதிய திருப்பணிக் குழு, விதானத்தில் பழைய ஓவியங்களையே திரும்ப எழுத வேண்டும் என்று தீர்மானித்து, 1967ஆம் ஆண்டு மலர் ஒன்றைக் கேட்டு என்னிடம் வந்தது. அச்சடித்தவன் வீட்டிலேயே பிரதி இல்லை. ஆஃப்செட் வந்தபோது, மரக்கட்டையில் ஆணியடித்த அந்தத் துத்தநாகத் தகடுகளை ஈய எழுத்துகளோடு சேர்த்து எடைக்குப் போட்டவன் நான். எங்கள் அச்சகத்தில் அடித்த வேலை ஒவ்வொன்றிலும் ஒரு படி எடுத்துக் கட்டி வைத்திருந்த கோப்புப் பிரதிகளும், அச்சகத்தை மூடிய ஆண்டில் பழைய பேப்பர் கடைக்குப் போயின. இதையெல்லாம் அந்த இளைஞர்களிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மகன் வேலை நிமித்தமாகக் கொல்கத்தாவில் இருக்கிறான். சென்ற மார்கழியில் அவனோடு ஒரு மாதம் தங்கியபோது, தேசிய நூலகத்தில் எல்லா நூலும் இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நம்பி அலிப்பூருக்குப் போனேன். வங்காளத்தின் துணை ஆளுநர்கள் வசித்த பெல்வெடேர் மாளிகையும் அதைச் சுற்றிய பெருந்தோட்டமும் சேர்ந்தது அந்த வளாகம். 1836இல் பொதுமக்கள் முயற்சியால் தொடங்கிய கல்கத்தா பொது நூலகம், அரசுத் துறைகளின் நூலகங்களை ஒன்றாக்கி 1891இல் அமைந்த இம்பீரியல் நூலகத்தோடு பின்னர் சேர்க்கப்பட்டு, 1903இல் கர்சன் பிரபுவால் மெட்காஃப் மண்டபத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நாடு விடுதலை பெற்றபின் 1948இல் தேசிய நூலகம் என்று பெயர் மாறி, 1953 பிப்ரவரி 1 அன்று மௌலானா அபுல் கலாம் ஆசாத் பெல்வெடேரில் அதைத் திறந்து வைத்தார். 2010இல் அந்த மாளிகையைப் பழுதுபார்த்தபோது, கதவும் சன்னலும் இல்லாத ஓர் அடைபட்ட அறை தரைத்தளத்தில் இருப்பது தெரிந்து, புதையல் என்றும் சித்திரவதைக் கூடம் என்றும் ஊரெல்லாம் பேச்சாகி, கடைசியில் கட்டடத்தைத் தாங்குவதற்காக உள்ளே கொட்டி நிரப்பிய மண்தான் அது என்று முடிந்த கதையை, வாசலில் தேநீர் விற்பவர் எனக்குச் சிரித்துக்கொண்டே சொன்னார். நூல்களில் பெரும்பகுதி இப்போது பக்கத்திலுள்ள பாஷா பவன் என்ற புதிய கட்டடத்தில் இருக்கிறது.

அங்கே தமிழுக்கென்று தனிப் பிரிவு உண்டு என்பதும், தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்த எஸ். வையாபுரிப் பிள்ளையின் சொந்த நூல்களும் சுவடிகளும் அவர் பெயரிலேயே ஒரு தொகுப்பாக அங்கே காக்கப்படுகின்றன என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. நெல்லைச் சீமையில் பிறந்து சென்னையில் உழைத்த ஒருவருடைய வாழ்நாள் சேகரம் ஆசுதோஷ் முகர்ஜியின் பெருந்தொகுப்புக்கும், வங்காளத்துப் புஹார் என்ற ஊரிலிருந்து வந்த நூலகத்தின் அரபி, பாரசீகச் சுவடிகளுக்கும் அண்டை வீடாக இருக்கிறது. அந்தத் தொகுப்பைப் பார்க்க நான் போகவில்லை என்றாலும், ஒரு பழைய தமிழ் நூலையாவது தொட்டுப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருந்தபின் மேசைக்கு வந்த நூல் ஒன்றின் கடைசிப் பக்கத்தில், கோயமுத்தூர் அச்சகம் ஒன்றின் பெயர் இருந்தது. தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்தால், எழுத்து அழுத்திய பள்ளம் மறுபக்கத்தில் புடைத்துத் தெரிந்தது. ஒரு பக்கத்தில், எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் அவசரத்தில் தலைகீழாகச் செருகிவிட்ட 'ப' ஒன்று அப்படியே அடிபட்டிருந்தது. புரூஃப் பார்த்தவர் கண்ணுக்குத் தப்பிய அந்த ஓர் எழுத்து, தலைமுறைகள் கடந்தும், ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் பத்திரமாக இருக்கிறது. நான் தேடிப்போன மலரோ அட்டவணையிலேயே இல்லை.

ஏன் இல்லை என்று விசாரித்தபோது, பிரிவிலிருந்த அலுவலர் மிகப் பொறுமையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் அனுப்பினீர்களா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம். இந்தியாவில் ஒரு நூலை வெளியிடும் எவரும், வெளியான முப்பது நாள்களுக்குள், தம் சொந்தச் செலவில், கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதியும், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி ஆகிய மூன்று பொது நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதியும் அனுப்பியாக வேண்டும். 1956இல் இதில் நாளிதழ்களும் பருவ இதழ்களும் சேர்க்கப்பட்டன. நூல் என்றால் தடித்த நூல் மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை; துண்டுநூலும், தனியாக அச்சிட்ட இசைத்தாளும், நிலப்படமும், வரைபடமும்கூட அதன் கணக்கில் நூலே. தேசிய நூலகத்துக்குப் போகும் பிரதியில் எல்லாப் படங்களும் முழுமையாக இருக்க வேண்டும், சிறந்த பிரதிகளில் எப்படி வண்ணமிட்டு முடித்திருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும், எந்தத் தாளில் அச்சிட்டவற்றுள் அது மேலான தாளோ அதில் இருக்க வேண்டும், தைத்தோ கட்டியோ அனுப்ப வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. அச்சுத்தொழில் தெரிந்த யாரோ உட்கார்ந்து எழுதிய வாசகம் என்று எனக்குத் தோன்றியது. எட்டுப் பக்க ஆர்ட் பேப்பர் படங்களோடு கூடிய எங்கள் மலர் ஒன்று அன்றைக்கு முறைப்படி போயிருந்தால், கொம்பன் பன்றி இன்று என் மேசைக்கு வந்திருக்கும். அனுப்பத் தவறினால் ஐம்பது ரூபாய் வரை அபராதம், அதோடு நூலின் மதிப்புக்குச் சமமான தொகை என்பதும் சட்டத்தில் உண்டு. அந்த ஐம்பது ரூபாயை இன்று பெரிய நோட்டாக நினைப்பவர் யாருமில்லை. எங்கள் தொழில் வாழ்க்கையில் அதைக் கேட்டு வந்தவரையும் நான் பார்த்ததில்லை.

சட்டப்படி அனுப்ப வேண்டியவர் வெளியிடுபவர்தான், அச்சிடுபவர் அல்லர் என்று நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கோயில் திருப்பணிக் குழுவுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பது எப்படித் தெரியும்? அச்சகக்காரன்தான் சொல்லியிருக்க வேண்டும். நாற்பதுக்கும் மேற்பட்ட மலர்களும் குலவரலாறுகளும் எங்கள் எந்திரத்தில் அடிபட்டன. ஒன்றுக்குக்கூட நாங்கள் சொல்லவில்லை.

இதில் இன்னொரு முரணும் இருக்கிறது. வெள்ளையர் காலத்து 1867ஆம் ஆண்டு அச்சகப் பதிவுச் சட்டம், நூலில் அச்சகத்தின் பெயரும் ஊரும் தெளிவாக இருக்க வேண்டும் என்றும், அச்சிட்டவர் அரசுக்குப் பிரதி கொடுக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தியது. நம்மைக் கண்காணிக்கப் போட்ட சட்டம்தான். ஆயினும், அதன் வழியாகச் சேர்ந்த பிரதிகளிலிருந்து தேர்ந்தெடுத்து லண்டனுக்கு அனுப்பியதால்தான், நம் ஊரில் மறைந்துபோன பல சிறு தமிழ் நூல்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் கிடைக்கின்றன. போலீசுக்குப் பயந்து கொடுத்த பிரதி பிழைத்தது. நம் குடியரசு அன்போடு கேட்ட பிரதி போகவே இல்லை. அந்த 1867ஆம் ஆண்டுச் சட்டமும் 2023இல் வந்த புதிய பருவ இதழ்ப் பதிவுச் சட்டத்தால் நீக்கப்பட்டு, நூல்கள் அதன் வரம்பிலிருந்து வெளியே போய்விட்டன. ஆகவே, 1954ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நாம் மதிக்காவிட்டால், நம் பக்கத்தில் அச்சாகும் ஒரு சிறு நூல் நாட்டின் நினைவுக்குள் நுழைய வேறு வாசல் அநேகமாக இல்லை.

கொங்கு நாட்டை வெளியாட்கள் பார்த்தெழுதியவை பத்திரமாகத்தான் இருக்கின்றன. தாமஸ், வில்லியம் டேனியல் ஆகிய ஓவியர்கள் 1792இல் தெற்கே வந்தபோது கண்டு தீட்டிய இராயக்கோட்டை போன்ற பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) மலைக்கோட்டைகளும், 1858இல் லினியஸ் டிரைப் அன்றைய சேலம் மாவட்டத்து இராயக்கோட்டையில் எடுத்த புகைப்படங்களும் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. 1800இல் இவ்வழியே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், வயலையும் தறியையும் வரியையும் விசாரித்து எழுதியது 1807இல் மூன்று தொகுதிகளாக லண்டனில் அச்சாகி, இன்று யார் கேட்டாலும் கிடைக்கிறது. கம்பெனியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் இருந்த கொங்குதேச ராசாக்கள் வரலாறு, சென்னைச் சுவடி நூலகத்தில் காக்கப்பட்டு 1950இல் அச்சேறியது. இந்தப் படங்களைப் பார்க்கும்போது ஒன்று மனத்தில் உறுத்துகிறது: கோட்டையும் மலையும் தூரத்தில் நின்று வரையப்பட்டவை. மண்டபத்துக்குள் தலை நிமிர்ந்து பார்த்து, இது சங்கர், இது தங்காள், இது சாம்புவன் என்று பெயர் சொல்லத் தெரிந்தவன் எடுத்த படம் எங்கள் மலரில்தான் இருந்தது.

எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதே, தாளை எதற்கு அனுப்ப வேண்டும் என்று என் பேரன் கேட்டான். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினி அமைப்பைக் கயவர்கள் முடக்கியபோது, அதன் அட்டவணையே பல வாரங்கள் இயங்கவில்லை. இணையவழிச் சுவடிகளைப் பார்க்க மாதக்கணக்கில் வழியில்லாமல் போயிற்று. அப்போதும் அலமாரியில் இருந்த தாள் அலமாரியில்தான் இருந்தது. படி எடுத்து இணையத்தில் ஏற்ற வேண்டியதுதான். ஆனால் படியெடுப்பதற்கு முதலில் ஒரு பிரதி எங்காவது இருந்தாக வேண்டும் அல்லவா?

நம் பக்கத்துக்கு இந்த அக்கறை புதிதன்று. விசயமங்கலத்துக் கொங்குவேளிரின் பெருங்கதை, தலையும் கடையும் சிதைந்த ஏட்டிலிருந்துதான் உ.வே. சாமிநாதையரால் 1924இல் அச்சுக்கு வந்தது; காப்பார் இல்லாமல் போன ஏடுகளின் பகுதி இன்றுவரை நமக்குக் கிடைக்கவில்லை. திருச்செங்கோட்டு முத்துசாமிக் கோனார் தேடிப் பதிப்பித்திராவிட்டால் கொங்குமண்டல சதகத்தை நாம் எங்கே போய்ப் படித்திருப்போம்? 1925 மே 2 அன்று ஈரோட்டிலிருந்து வெளிவந்த குடிஅரசு முதல் இதழை, ஒரு நாள் வரலாறு ஆகும் என்று நினைத்துச் சேர்த்து வைத்தவர்களால்தான் இன்று நாம் பார்க்கிறோம். இவையெல்லாம் பெரிய பெயர்கள். என் கவலை, பெயரில்லாத சிறு நூல்களைப் பற்றியது. கலியாண வீட்டில் பாடுவதற்கென்று பதினாறு பக்கத்தில் அடித்துத் தாம்பூலத்தோடு கொடுக்கும் மங்கல வாழ்த்து, வள்ளி கும்மிப் பாட்டுப் புத்தகம், காணியாளர் வரிசையும் கல்வெட்டுப் படியும் அடங்கிய கோயில் வரலாறு, அரசு பள்ளி நூற்றாண்டு மலர், நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பொன்விழா மலர் என்று, ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல் அச்சகங்களில் இவை ஆண்டுதோறும் அடிபட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. ஆராய்ச்சியாளருக்குச் சதகத்தைவிட இவைதாம் சில வேளை அதிகம் சொல்லும். ஒரு பொன்விழா மலரின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டினாலே, அந்த ஊரில் எந்தெந்தக் கடை இருந்தது, தறி எத்தனை கை மாறியது என்பது விளங்கிவிடும். புத்தகக் கடைக்கு இவை போவதில்லை. நூலக ஆணைக்குழு வாங்கும் பட்டியலிலும் வருவதில்லை. விழா முடிந்த மறுநாளே அட்டாலிக்கு, அதாவது பரணுக்குப் போய், அங்கிருந்து எடைக்குப் போகின்றன.

கொல்கத்தாவிலிருந்து திரும்பியபின், காங்கேயம் பக்கத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டு அட்டாலியில் 1967 மலரின் ஒரு பிரதி அகப்பட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். முதல் பாரம் இல்லை, அது போகட்டும். நடுவில் எட்டுப் பக்க ஆர்ட் பேப்பரைத் தையலோடு ஒட்டி யாரோ பிளேடால் அறுத்து எடுத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் சாமி படம் என்று கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்கள் என்று வாத்தியார் சொன்னார். தாளின் உள்விளிம்பு மட்டும், விரல் நகத்தளவு அகலத்தில், தையலோடு நின்றது. அதில் ஒரு பக்கத்தில் குதிரையின் வால் நுனி தெரிந்தது.

ஸ்தபதியார் காத்திருக்க முடியாமல், தமக்குத் தெரிந்த வகையில் விதானத்தை எழுதிவிட்டார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். எங்கள் ஊர்க் கொம்பன் அப்படி இருக்கவில்லை என்று சொல்ல, என்னைப் போன்ற நான்கைந்து கிழவர்கள் இருக்கிறோம்.

நூலகத் துறையினரிடம் என் வேண்டுகோள் பெரியதொன்றும் இல்லை. வீட்டு வரியோடு நூலக வரியையும் நாம் எல்லோரும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் ஒரு மேசை போட்டு, உள்ளூர் வெளியீடுகளை ஐந்து பிரதியாக வாங்கி, நான்கைச் சட்டப்படி உரிய நூலகங்களுக்கு அனுப்பி, ஒன்றை அங்கேயே வைத்துக்கொண்டு, கொடுத்தவருக்கு ரசீது தந்தால் போதும். நான்கு பார்சல் கட்டி, நான்கு முகவரி எழுதி, தபாலாபீஸ் வரிசையில் நிற்க வேண்டுமே என்ற சோம்பலில்தான் பாதி நூல்கள் நின்றுபோகின்றன. கோவையில் 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட தந்தை பெரியார் நூலகத்தில், கொங்கு நாட்டு அச்சகங்களில் அச்சான சிறு வெளியீடுகளுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கினால் இன்னும் நலம். கொல்கத்தாவிலும் லண்டனிலும் உள்ள நம் பக்கத்துப் படங்களுக்கும் நூல்களுக்கும் நல்ல படிகளை வாங்கி அங்கே வைத்தால், பள்ளிப் பிள்ளைகள் பார்க்க இரண்டு நாள் ரயிலேற வேண்டியதில்லை. அச்சக உரிமையாளர் சங்கங்கள், மலர் அடிக்க வருகிறவர்களிடம் கொடுக்கும் விலைப்புள்ளியிலேயே 'நான்கு பிரதி, அனுப்பும் செலவு' என்று ஒரு வரியைச் சேர்த்துவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அட்டைக்கு லேமினேஷன் என்று நாம் ஒரு வரி சேர்க்கவில்லையா?

வருகிற தை மாதம் எங்கள் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். புதிய மலர் திருப்பூரில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய விதானம் முழுவதும் வண்ணத்தில் வருகிறது. சென்ற வாரக் கூட்டத்தில், நான்கு பிரதியைத் தனியாக எடுத்து வையுங்கள் என்று நான் சொன்னபோது, பொருளாளர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "ஏனுங்க, கல்கத்தாவுல ஆருங்க நம்ம மலரப் படிக்கப் போறாங்க?" என்று கேட்டார். நான் போயிருந்தேன் என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, எண்ணிக்கையை ஆயிரத்து நான்கு என்று திருத்தி எழுதிக்கொண்டார்.

இப்படிக்கு,
பழைய அச்சகக்காரர் ஒருவர்,
ஈரோடு.